வேட்டை நிலத்தில் கேமரா திருட்டு: இரண்டு போய்விட்டன, மூன்றாவதையாவது காப்பாற்ற வேண்டும்

மைலம் குமரன் | அக்டோபர் 6, இரவு 9:40

வணக்கம். டெக்சஸ் மைலம் கவுண்டியில் எனக்கு 62 ஏக்கர் இருக்கிறது. போஸ்ட் ஓக் மரமும் யோபான் புதரும் மண்டிய இடம். தெற்கு எல்லையில் ஓடை. வாரம் முழுக்க ஆஸ்டினில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவன் நான். சனிக்கிழமைதான் அங்கே போக முடியும். இது எனக்கு மட்டுமல்ல, திருடனுக்கும் தெரிந்திருக்கிறது.

மூன்று டிரெயில் கேமரா (எதிரே ஏதாவது அசைந்தால் தானாகப் படம் எடுப்பது) வைத்திருந்தேன். மானுக்கு மக்காச்சோளம் கொட்டும் ஃபீடருக்கு (பேட்டரியில் ஓடும் தீவனப் பெட்டி) எதிரே ஒன்று, ஓடைக்கரையில் ஒன்று, கேட்டில் ஒன்று. நேற்று போய்ப் பார்த்தால் ஃபீடர் கேமராவைக் காணோம். பட்டை மட்டும் மரத்தடியில் கிடந்தது. அணில் கடித்தால் நார் நாராகப் பிய்ந்திருக்கும். இது கத்தி போட்ட வெட்டு. ஓடைக் கேமராவுக்கு பைத்தான் கேபிள் பூட்டு போட்டிருந்தேன். அதையும் கட்டரால் நறுக்கிவிட்டார்கள். இரும்பு வடத்தின் முனை துடைப்பம் மாதிரி விரிந்து கிடக்கிறது.

ஃபீடர் கேமரா செல்லுலார், படத்தை போனுக்கு அனுப்புகிற ரகம். அப்படியிருந்தும் திருடன் படம் ஒன்றுகூட வரவில்லை. இரண்டும் சேர்த்து 230 டாலர். நவம்பர் முதல் சனிக்கிழமை மான் சீசன் தொடங்குகிறது. அதற்குள் என்ன செய்யலாம்?

---

வெடிமுத்து | அக்டோபர் 6, இரவு 10:05

கேமரா பெட்டியில் கரண்ட் கொடுங்கள் அண்ணா. சோலார் வேலிக்கு விற்கிற பேட்டரி போதும். தொட்டவன் ஜென்மத்துக்கும் அந்தப் பக்கம் வர மாட்டான். இல்லாவிட்டால் மரத்தைச் சுற்றி ஆணிப் பலகை.

---

சட்டப்பேச்சு | அக்டோபர் 6, இரவு 10:31

வெடிமுத்து, உங்கள் பேரைக் காப்பாற்றிவிட்டீர்கள். குமரன், தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

அயோவாவில் ஆளில்லாப் பண்ணை வீடு ஒன்றில் அடிக்கடி திருட்டு. வெறுத்துப்போன உரிமையாளர் கதவைத் திறந்தால் வெடிக்கிற மாதிரி உள்ளே துப்பாக்கியைக் கட்டி வைத்தார். 1967இல் பழைய பாட்டில் எடுக்கப் போனவனின் கால் சிதறியது. அடிபட்டவன் வழக்குப் போட்டான், ஜெயித்தான். 1971இல் மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இழப்பீடு 30,000 டாலர், அந்தக் காலத்துப் பணம். திருட வந்தவனுக்கு நிலத்துக்காரர் கட்ட வேண்டியதாயிற்று. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுக்கிற வழக்கு இது.

உங்கள் பொறியில் திருடன்தான் மாட்டுவான் என்று யார் சொன்னது? மின் கம்பம் பார்க்க வந்த ஊழியர் மாட்டலாம். பக்கத்து வீட்டுப் பையன் மாட்டலாம்.

---

மசினகுடி சிவா | அக்டோபர் 7, காலை 6:12

பன்றிக்கு என்று கள்ளத்தனமாக வேலியில் கரண்ட் விட்டு யானை செத்த கதை எங்கள் பக்கம் எத்தனை வேண்டும், வெடிமுத்து? வேண்டாம் சாமி.

---

பென்சில்வேனியா மாமா | அக்டோபர் 7, காலை 7:50

தம்பி குமரன், 18 வருடமாக இங்கே மான் வேட்டை. இதுவரை ஐந்து கேமராவைப் பறிகொடுத்தவன் என்ற தகுதியில் பேசுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. செல்லுலார் கேமராவின் ஆப்பில் படம் எப்போது அனுப்பச் சொல்லி வைத்திருந்தாய்? பேட்டரி மிச்சமாகட்டும் என்று பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று வைத்தாயா?

---

மைலம் குமரன் | அக்டோபர் 7, காலை 8:15

ஐயையோ. ஆமாம் மாமா. காலை 7, இரவு 7.

---

பென்சில்வேனியா மாமா | அக்டோபர் 7, காலை 8:40

அதுதான் விஷயம். கேமரா படம் எடுத்திருக்கும். ஆனால் அந்தப் படம் கார்டுக்குள் உட்கார்ந்து ஏழு மணிக்காகக் காத்திருந்தது. திருடன் தன் படத்தையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு போனான். செல்லுலார் கேமராவுக்கு மாதாமாதம் காசு கட்டுவதே படம் கேமராவை விட்டு உடனே வெளியேற வேண்டும் என்பதற்குத்தான். காவலுக்கு வைக்கிற கேமராவில் 'உடனே அனுப்பு' என்றுதான் இருக்க வேண்டும். பேட்டரி சீக்கிரம் தீரும். ஆல்கலைனைத் தூக்கிப் போட்டுவிட்டு லித்தியம் போடு, குளிரிலும் தாங்கும். சோலார் தகடு மாட்டலாம், ஆனால் அது வெயிலில் கண்ணாடி மாதிரி மின்னி இடத்தைக் காட்டிக் கொடுக்கும்.

இன்னொன்று, பூட்டை நம்பாதே. வழியில் போகிறவன் சும்மா கழற்றிக்கொண்டு போவதைத்தான் பூட்டு தடுக்கும். கட்டரோடு வருகிறவனுக்கு அது ஐந்து நொடி வேலை. இரும்புப் பெட்டியை லேக் போல்ட் (தடித்த மரத் திருகாணி) போட்டு மரத்தில் இறக்கினால் கொஞ்சம் திணறுவான். அப்போதும் கல்லை எடுத்து லென்ஸை உடைத்துவிட்டுப் போனவன் உண்டு. என் அனுபவத்தில் ஒரே மருந்து, கேமரா அவன் கண்ணில் படக் கூடாது.

மனிதன் காட்டில் நடக்கும்போது தரையையும் நெஞ்சு உயரத்தையும்தான் பார்க்கிறான். அண்ணாந்து பார்ப்பவன் அபூர்வம். பத்துப் பன்னிரண்டு அடி உயரத்தில் வை. மேல்பக்கம் ஒரு மரத்துண்டைச் செருகினால் கேமரா கீழ்நோக்கிச் சாயும். ஏறிய ஏணியை மறக்காமல் எடுத்துக்கொண்டு வா. ஒரு தடவை நான் ஏணியை மரத்திலேயே சாய்த்துவிட்டு வந்தேன். அவன் ஏணியையும் எடுத்துக்கொண்டு போனான்.

இரவு வெளிச்சத்தையும் பார்த்து வாங்கு. 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது அடுப்பில் தணல் போலச் சின்னச் சிவப்பு தெரியும். இருட்டில் நேரே பார்க்கிறவன் கண்டுபிடித்துவிடுவான். 940 என்றால் ஒன்றும் தெரியாது. அதில் தூரம் குறையும், படமும் கொஞ்சம் மங்கல்தான். மானுக்கு எது வேண்டுமானாலும் வை, ஆளுக்கு 940.

---

வன்னிக்காட்டான் | அக்டோபர் 7, காலை 10:22

ரொறன்ரோவிலை இருந்து எழுதுறன். பான்கிராஃப்ட் பக்கம் எங்களுக்கு ஒரு சின்னக் காணி இருக்கு. மாமா சொன்னதோட ஒண்டைச் சேர்க்கவேணும்: கமராவைக் காட்டிக் குடுக்கிறது கமரா இல்லை, எங்கட கால்தடம்தான். ஒவ்வொரு கிழமையும் கார்ட் மாத்தப் போய்ப் போய் புல்லுக்குள்ளை ஒரு ஒற்றையடிப்பாதை விழுந்திடும். கள்ளன் அதைப் பிடிச்சுக்கொண்டு நேரா மரத்துக்கு வந்திடுவான். நான் இருட்டிலை வழி தெரியவேணும் எண்டு மரங்களிலை மின்னுற குண்டூசி வேற குத்தி வைச்சனான். டோர்ச் அடிச்சால் வரிசையா மின்னும், விமான நிலையத்து ஓடுபாதை மாதிரி. கடைசி ஊசிக்குப் பக்கத்திலை என்ர கமரா. பிறகென்ன!

---

மைலம் குமரன் | அக்டோபர் 7, மதியம் 12:48

சிரித்துவிட்டேன் வன்னி அண்ணா. என் மரங்களிலும் ஆரஞ்சு ரிப்பன் கட்டியிருக்கிறேன். இந்தச் சனிக்கிழமையே அவிழ்க்கிறேன்.

எல்லையைப் பற்றியும் கேட்க வேண்டும். 'அத்துமீறி நுழையாதே' பலகை கேட்டில் ஒன்றுதான் இருக்கிறது. ஓடைப் பக்கம் ஒன்றுமே இல்லை. வைத்த பலகையையும் துப்பாக்கியால் சுட்டு ஓட்டையாக்கிவிட்டார்கள்.

---

சட்டப்பேச்சு | அக்டோபர் 7, மாலை 6:20

பலகையைச் சுடலாம், கழற்றலாம். ஊதா பெயின்டை என்ன செய்வான்? டெக்சஸில் 1997 முதல் ஊதாக் கோடு போட்டால் பலகை வைத்ததற்குச் சமம். அளவு சரியாக இருக்க வேண்டும். செங்குத்துக் கோடு, குறைந்தது 8 அங்குல நீளம், 1 அங்குல அகலம். கோட்டின் அடிமுனை தரையிலிருந்து 3 முதல் 5 அடிக்குள். மரங்கள் அடர்ந்த நிலத்தில் 100 அடிக்கு ஒன்று, வெட்டவெளியில் 1,000 அடிக்கு ஒன்று. எல்லை மரத்திலும் வேலிக் கம்பத்திலும் வருகிறவன் கண்ணில் படும்படி. அப்புறம் 'எனக்குத் தெரியாது' என்று அவன் சொல்ல முடியாது. இந்த ஊதாச் சட்டத்தை 1989இல் ஆர்கன்சாதான் முதலில் கொண்டு வந்தது. மாமா ஊரில் 2020இல்தான் வந்தது.

அப்புறம் ஷெரிஃப் அலுவலகத்தில் புகார் கொடுத்தீர்களா? 230 டாலர்தானே என்று விடாதீர்கள். டெக்சஸில் 100 முதல் 750 டாலருக்குள் என்றால் அது பி வகுப்புக் குற்றம், சிறைத் தண்டனையும் கிடைக்கலாம். சீரியல் எண் இருக்கிறதா?

---

வன்னிக்காட்டான் | அக்டோபர் 7, மாலை 6:55

எங்கட ஒன்ராறியோவிலை ஊதா இல்லை, சிவப்பும் மஞ்சளும். சிவப்பு வட்டம் எண்டால் உள்ளுக்கு வரவே கூடாது. மஞ்சள் எண்டால் சில விசயத்துக்கு மட்டும் வரலாம். வட்டம் ஆகக் குறைஞ்சது 10 சென்டிமீற்றர் இருக்கவேணும். ஒருத்தர் வடிவா இருக்கட்டும் எண்டு பச்சை அடிச்சு வைச்சிருந்தார். சட்டத்துக்கு அது சும்மா பெயின்ற்.

---

மைலம் குமரன் | அக்டோபர் 7, இரவு 8:10

செல்லுலார் கேமராவின் சீரியல் எண் ஆப்பிலேயே இருக்கிறது. மற்றதன் அட்டைப்பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டேன்.

---

சட்டப்பேச்சு | அக்டோபர் 7, இரவு 8:26

இனி வாங்கும் ஒவ்வொன்றின் உள்மூடியிலும் உங்கள் ஓட்டுநர் உரிம எண்ணைக் கீறி வையுங்கள். ஸ்டிக்கரைப் பிய்த்துவிடுவான், கீறலைச் சுரண்டினால் தெரியும். போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். அடகுக்கடையிலோ ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலோ வந்தால் 'இது என்னுடையது' என்று காட்ட அது ஒன்றுதான் ஆதாரம். யார் மீதாவது சந்தேகம் இருந்தாலும் அவர் படத்தை ஊர்க் குழுவில் போட்டு 'திருடன்' என்று எழுதாதீர்கள். நாளைக்கு அவர் கேஸ் போடுவார்.

---

மசினகுடி சிவா | அக்டோபர் 8, காலை 5:58

எனக்கு வேட்டை தெரியாது. நம் நாட்டில் 1972 வனவிலங்குச் சட்டப்படி இப்போது அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் கேமரா தெரியும். முதுமலைப் பக்கம் புலிக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராகப் போயிருக்கிறேன். 2018 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். பாதையின் இரண்டு பக்கமும் எதிரெதிரே ஒரு ஜோடி. புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றாக இருக்காது, அதனால் இரண்டு பக்கமும் படம் வேண்டும். ஜோடியில் ஒன்று போனால் பாதிப் புலிதான் மிச்சம்.

எதிரெதிரே வைப்பதில் ஒரு லாபம் உண்டு குமரன் அண்ணா. ஒரு கேமராவைக் கழற்றுகிறவனை இன்னொன்று பார்த்துக்கொண்டிருக்கும். எங்கள் ஜோடியில் இரண்டுமே முழங்கால் உயரத்தில் கண்ணுக்குத் தெரியும்படி இருந்ததால் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். நீங்கள் ஒன்றைத் தாழ்வாகத் தெரியும்படி வைத்து, இன்னொன்றை மாமா சொன்ன உயரத்தில் மறைத்து வைக்கலாமே? தெரிகிறது பழுதான கேமராவாகவே இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எடுத்துக்கொண்டு போகிறவன் எல்லாம் விற்பதற்காக எடுப்பதில்லை. விறகுக்கு வந்தவர்கள், தேன் எடுக்க வந்தவர்கள், தன் படம் விழுந்துவிட்டதே, ஆபீசர் கூப்பிடுவாரே என்ற பயத்தில் பிடுங்கிப் போட்டதும் உண்டு. உத்தராகண்டில் கார்பெட் புலிகள் காப்பகப் பகுதியில் நடந்ததைப் பற்றி 2024இல் ஓர் ஆய்வு வந்தது. காட்டில் ஒதுங்கிய ஒரு பெண்ணின் படம் கேமராவில் விழ, தற்காலிக ஊழியர்கள் சிலர் அதை வாட்ஸ்அப்பில் பரப்பிவிட்டார்கள். கோபத்தில் ஊர்க்காரர்கள் கண்ணில் பட்ட கேமராவை எல்லாம் உடைத்துக் கொளுத்தினார்கள். அவர்களைத் திருடர்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

உங்கள் கேமராவை எடுத்தவன் எதற்குப் பயந்தான் என்று யோசித்துப் பாருங்கள். ஃபீடரில் இருந்த பேட்டரியை விட்டுவிட்டுக் கேமராவை மட்டும் எடுத்திருக்கிறானா?

---

மைலம் குமரன் | அக்டோபர் 8, காலை 7:30

சிவா தம்பி, நீங்கள் கேட்ட பிறகுதான் உறைக்கிறது. ஃபீடர் பேட்டரி அப்படியே இருக்கிறது. ஷெட்டில் பூட்டு இல்லை, உள்ளே செயின் சா இருக்கிறது. அதையும் தொடவில்லை.

---

பென்சில்வேனியா மாமா | அக்டோபர் 8, காலை 9:05

அப்படியென்றால் அவனுக்கு வேண்டியது கேமரா இல்லை, கேமராவுக்குள் இருந்த படம். சிவா கெட்டிக்காரர். இரவில் யாரோ உன் நிலத்தைக் கடக்கிறார்கள். ஓடைப் பக்கம் பார்.

---

மைலம் குமரன் | அக்டோபர் 12, இரவு 10:15

இன்று முழுநாளும் அங்கேதான். ரிப்பன்களை அவிழ்த்தாயிற்று. தெற்கு எல்லையில் ஊதா அடித்தேன், 41 கோடு. சட்டையிலும் இரண்டு.

கேட் கேமராவைத் திறந்தபோது கை எரிந்தது. பேட்டரி அறை முழுக்க நெருப்பெறும்பு. அரிசிக் குருணை மாதிரி வெள்ளை வெள்ளையாக முட்டை, ஸ்பிரிங்கைச் சுற்றி ஈரமண். எட்டு பேட்டரியில் மூன்று துருப்பிடித்துவிட்டன. இத்தனை நாளும் அது படமே எடுக்கவில்லை. காவலுக்கு வைத்த கேமரா எறும்புக்கு வீடாகியிருக்கிறது.

ஓடையில் பழைய கேமரா ஒன்றை இடுப்பு உயரத்தில் சும்மா கட்டிவிட்டு, 12 அடி உயரத்தில் புதுச் செல்லுலார் ஒன்றை வைத்தேன். 940, உடனே அனுப்பு, லித்தியம். ஆன்டெனாவை மரப்பட்டையோடு ஒட்டி மேலே ஸ்பானிஷ் பாசி கொஞ்சம் தொங்கவிட்டேன்.

---

வெடிமுத்து | அக்டோபர் 12, இரவு 10:40

எறும்புதான் நான் சொன்ன கரண்ட் வேலையைச் செய்திருக்கிறது. திருடன் கேட் கேமராவைத் தொடாததற்குக் காரணம் தெரிந்துவிட்டது.

---

மைலம் குமரன் | அக்டோபர் 19, அதிகாலை 2:26

தூக்கம் போய்விட்டது. 1:51க்கு முதல் படம் வந்தது. ஆள் இல்லை, நாய். மார்பில் தடித்த கவசம், கழுத்துப் பட்டையில் நிமிர்ந்து நிற்கிற ஆன்டெனா. இரண்டாவது படத்தில் மூன்று நாய். 1:54க்கு இரண்டு பேர், நெற்றியில் விளக்கு, முழங்கால் வரை ஓடைத் தண்ணீர். ஒருவர் இடுப்பு உயரக் கேமராவை நேராகப் பார்க்கிறார். அடுத்த படத்தில் கத்தி.

நாயை விட்டுக் காட்டுப்பன்றி பிடிக்கிறவர்கள். முகம் தெளிவாக இருக்கிறது. இப்போதே கிளம்பிப் போகட்டுமா?

---

சட்டப்பேச்சு | அக்டோபர் 19, அதிகாலை 2:41

வேண்டாம். கத்தியும் துப்பாக்கியும் நாயும் இருக்கிற இடத்துக்கு இருட்டில் தனியாகப் போய் நின்று என்ன செய்யப் போகிறீர்கள்? ஷெரிஃப் அலுவலகத்துக்கு இப்போதே போன் செய்யுங்கள், படத்தை அனுப்புங்கள். காலையில் கேம் வார்டனிடமும் (வேட்டைச் சட்டத்தைக் கவனிக்கும் அதிகாரி) சொல்லுங்கள். 2019 முதல் டெக்சஸில் தனியார் நிலத்தில் பன்றி வேட்டைக்கு லைசென்ஸ்கூட வேண்டாம்தான், ஆனால் நிலத்துக்காரர் சம்மதம் வேண்டும். நாய் எல்லை தாண்டியது என்று அவர்கள் சொல்வார்கள். கேமராவை அறுத்தது நாய் இல்லையே.

---

பென்சில்வேனியா மாமா | அக்டோபர் 19, காலை 8:12

ஓடைக்கு அந்தப் பக்கத்து நிலம் யாருடையது தம்பி? அவரிடம் பேசியிருக்கிறாயா, எப்போதாவது?

---

மைலம் குமரன் | அக்டோபர் 19, காலை 9:30

நான்கு வருடத்தில் கையசைத்ததோடு சரி. மாடு வளர்க்கிற பெரியவர். உண்மையைச் சொன்னால் கூச்சம்.

---

மைலம் குமரன் | அக்டோபர் 26, இரவு 9:02

இந்த வாரக் கதை. ஷெரிஃப் அலுவலக டெபுட்டி படங்களை வாங்கிக்கொண்டு புகார் எண் கொடுத்தார். நான் ஒரு டப்பா முறுக்கை எடுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனேன். போர்ட்டிகோவில் உட்கார வைத்தார். படத்தைக் காட்டியதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "இவர்களை நான்தான் வரச் சொன்னேன், என் வைக்கோல் நிலத்தைப் பன்றி உழுதுவிட்டது" என்றார். ஓடையைத் தாண்டுவது அவருக்குத் தெரியாது. முறுக்கைக் கடித்துவிட்டு, "என் பல்லுக்குக் கொஞ்சம் கடினம், ஆனால் ருசி" என்றார். தன் போன் எண்ணைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்.

இன்று மாலை போனால் கேட்டில் ஒரு தீவனச் சாக்கு தொங்குகிறது. உள்ளே என் கேமராக்கள், கார்டு இல்லாமல். பட்டை அறுந்த செல்லுலாரும் இருக்கிறது, ஓடைக் கேமராவும் இருக்கிறது, போன வாரம் அறுத்த பழையதும் இருக்கிறது.

ஆனால் சாக்கில் மொத்தம் நான்கு. நான்காவது எனக்குத் தெரியாத கேமரா. கனமான பச்சைப் பெட்டி, கம்பெனிப் பெயர் எங்கும் இல்லை. என் நிலத்தில் இருந்துதான் எடுத்தார்களா என்றும் தெரியவில்லை. திறந்து பார்க்கட்டுமா?

---

சட்டப்பேச்சு | அக்டோபர் 26, இரவு 9:20

திறக்காதீர்கள். 2017இல் தெற்கு டெக்சஸில் என்சினால் பக்கம் ஒரு பண்ணைக்காரர், வயதான வழக்கறிஞர், தன் நிலத்தில் மெஸ்கீட் மரத்தில் கட்டியிருந்த அந்நியக் கேமராவைக் கழற்றி வைத்துக்கொண்டார். பார்த்தால் அரசாங்கக் கேமரா. திருப்பிக் கொடு, இல்லாவிட்டால் வழக்கு என்று தன்னை மிரட்டியதாக அவர் நீதிமன்றத்துக்குப் போனார். திறந்தவெளி நிலத்துக்குத் தனியுரிமைப் பாதுகாப்பு இல்லை என்று கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 1984இல் சொன்னது இன்னும் நிற்கிறது. ஆனால் டென்னசியில் 2024இல், வாரண்ட் இல்லாமல் வனவிலங்குத் துறையினர் தனியார் நிலத்தில் புகுந்து தேடியது அந்த மாநில அரசமைப்புக்கு விரோதம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சாக்கோடு, தொங்கிய நிலையில் படம் எடுத்தீர்களா?

---

மைலம் குமரன் | அக்டோபர் 26, இரவு 9:24

எடுத்தேன். நாளைக் காலை டெபுட்டியிடம் அப்படியே கொடுத்துவிடுகிறேன்.

---

வன்னிக்காட்டான் | அக்டோபர் 26, இரவு 9:31

குமரன், அது இப்ப எங்கை இருக்கு? வீட்டுக்குள்ளையே? லென்ஸ் எந்தப் பக்கம் பாக்குது எண்டு ஒருக்கால் பாரும்.

---

மைலம் குமரன் | அக்டோபர் 26, இரவு 9:33

சாப்பாட்டு மேசை மேல். துண்டு போட்டு மூடிவிட்டேன்.